பஸ் நின்னாலும் கோடு போகும்

ஒம்பதாங் கிளாஸ் அரையாண்டுப் பரீட்சையில ஒரு கேள்வி வந்துச்சு. கட்டத்தாள்ல ஒரு கோடு, சரிவா மேல ஏறுது, கொஞ்ச தூரம் மட்டமா போகுது, பொறவு கீழ இறங்குது. அடியில 'காலம்', இடப்பக்கம் 'தொலைவு'. இந்தப் பயணத்தை விவரி, நாலு மார்க். நான் கொஞ்சமும் யோசிக்காம எழுதினேன்: ஒருவன் மலை மீது ஏறினான், உச்சியில் சமதளமாக இருந்த இடத்தில் நடந்தான், பிறகு மறுபக்கம் இறங்கினான். கையெழுத்து நல்லா இருக்கட்டும்னு பைய பைய வேற எழுதினேன்.

பேப்பர் திருத்திட்டு வந்த சார் அதை கிளாஸ் முழுக்க கேக்கிற மாதிரி வாசிச்சாரு. வாசிச்சிட்டு, "எந்த மலை பிள்ளே, மருந்துவாழ் மலையா?"ன்னு ஒரு கேள்வி. அவ்வளவுதான், பத்தாங் கிளாஸ் முடியிறது வரைக்கும் எனக்கு அதுதான் பேரு. மார்க் முட்டை. ஆனா ஏன் தப்புன்னு அவரும் சொல்லல்ல, எனக்கும் கேக்க வாய் வரல்ல.

இத்தன வருஷம் கழிச்சு இப்போ ஏன் இதை எழுதுறேன்னா, போன மாசம் எங்க அண்ணன் மக அவளோட டெஸ்ட் பேப்பரை எனக்குத் தெரியாம பேக்ல மறைச்சு வச்சிருந்தா, மயினி எடுத்து எங்கிட்ட நீட்டினாவ, "இவ அத்தைகிட்டதானே படிக்கா, நீயே பாரு"ன்னு. பாத்தா அதே மாதிரி ஒரு கோடு. அதே பதில். 'அவர் மேடான பாதையில் சென்றார், பிறகு சமமான பாதையில் சென்றார்.' சிரிப்பும் வந்துச்சு, வயித்துல ஒரு மாதிரியும் இருந்துச்சு. எங்க வீட்டு ரத்தத்துலயே இருக்கு போலன்னு நெனச்சேன்.

ரத்தம் இல்ல. எங்க ஊர்க்காரங்களுக்கு இப்படித் தோணாம இருந்தாதான் ஆச்சரியம். தக்கலையில எந்த மாடியில ஏறி நின்னாலும் வேளிமலை தெரியும். நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி போற வழியில மருந்துவாழ் மலை, ஆரல்வாய்மொழி பக்கம் போனா மலைக்கு முன்னால கரண்ட் எடுக்கிற காத்தாடி. பொறந்ததுல இருந்து வானத்துக்கு அடியில ஒரு ஏத்தமும் எறக்கமுமான கோட்டைப் பாத்து வளந்த பிள்ளைகிட்ட, ஏறி இறங்குற ஒரு கோட்டைக் காட்டி இது என்னன்னு கேட்டா மலைன்னுதான் சொல்லும். மலை இல்லாத ஊர்லயும் பிள்ளைங்க இதையேதான் எழுதுதுன்னு பொறவுதான் தெரிஞ்சுது, அதைப் பின்னால சொல்லுகேன்.

அன்னைக்கு ராத்திரி அவளை உக்கார வச்சு நான் செஞ்ச முதல் தப்பு, சாய்வு கணக்கு சொல்லிக் கொடுத்தது. ரெண்டு புள்ளி எடு, தொலைவுல உள்ள வித்தியாசத்தை காலத்துல உள்ள வித்தியாசத்தால வகு, அதான் வேகம். அவ சடசடன்னு போட்டா. எல்லாம் சரி. சரின்னு, "இந்த மட்டமான கோடு இருக்கே, இதுல அவன் என்ன செய்யான்?"னு கேட்டேன். "நேரா போறான் அத்தே." சாய்வு எவ்வளவுன்னு கேட்டா பூஜ்ஜியம்னு சொல்லுதா, வேகம் எவ்வளவுன்னு கேட்டா பூஜ்ஜியம்னு சொல்லுதா, என்ன செய்யான்னு கேட்டா நேரா போறானாம்! கணக்கு ஒரு அறையில இருக்கு, அந்த மனுஷன் வேற அறையில இருக்கான், நடுவுல கதவே இல்ல. நானும் ஒம்பதாங் கிளாஸ்ல அப்படித்தான் இருந்திருப்பேன்.

அதனால ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு தக்கலையில இருந்து நாகர்கோவில் வடசேரிக்கு பஸ் ஏறினேன். கிராஃப் நோட்டு வாங்கணும்னு மயினிகிட்ட சொன்னேன், கிராஃப் நோட்டு தக்கலையிலயே கிடைக்கும்னு மயினிக்கும் தெரியும், ஒண்ணும் சொல்லல்ல. என் போன்ல தூரம் காட்டுற ஆப் ஒண்ணு போட்டு அவ கையில கொடுத்தேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்க நான் "ம்"னு சொல்லணும், அவ கிலோமீட்டரை வாசிக்கணும், நான் பழைய பில் ஒண்ணோட பின்பக்கத்துல குறிச்சுக்கிடணும். கண்டக்டர் ரெண்டு தடவை எங்களை ஒரு மாதிரி பாத்தாரு.

கிளம்புறப்ப 0. ஆறாவது நிமிஷம் புலியூர்க்குறிச்சி கிட்ட 2 கிலோமீட்டர். பதினாலாவது நிமிஷம் 6.0. பதினாறுல கேட்டேன், 6.0. பதினெட்டுல கேட்டேன், "அதே 6.0தான் அத்தே, வில்லுக்குறியில ஆளு ஏத்துதான், எனக்கு எதுக்கு திருப்பித் திருப்பிக் கேக்குதிய?"ன்னு எரிச்சலா சொன்னா. நான் ஒண்ணும் பேசல்ல, மூணு தடவையும் எழுதிக்கிட்டேன். அங்க இருந்து கிளம்பின பஸ்ஸு பறந்துச்சு, 22ஆவது நிமிஷம் 9.0. பொறவு 28ல 12.2. பார்வதிபுரம் வாறதுக்கு முன்னயே பிளாக், எட்டு நிமிஷம் கழிச்சு 36ல 12.7. வடசேரி ஸ்டாண்டுக்குள்ள நுழையும்போது 42ஆவது நிமிஷம், 15 கிலோமீட்டர்.

ஸ்டாண்டுல ஒரு டீக்கடையில ஆளுக்கு ஒரு பழபஜ்ஜியும் டீயும் வாங்கிட்டு, அந்த பில்லுல உள்ள எண்ணை எல்லாம் புது கிராஃப் நோட்டுல புள்ளி வைக்கச் சொன்னேன். வச்சா. சேத்தா. 14, 16, 18 மூணும் ஒரே மட்டத்துல வந்து நின்னுது. அவ அந்த மட்டக் கோட்டைப் பாத்துட்டு, எதுவும் கேக்காம, பென்சிலால அதுக்கு மேல 'வில்லுக்குறி'ன்னு எழுதினா. நான் டீயைக் குடிச்சேன். எங்க சார் ஒரு வருஷமா எனக்கு சொல்லாம விட்டதை வில்லுக்குறியில ஆளு ஏத்தின டிரைவர் நாலு நிமிஷத்துல சொல்லிட்டாரு.

விஷயம் இவ்வளவுதான். பஸ்ஸு நிக்கும், மணி நிக்காது. அதனால கோடு வலது பக்கமா போய்க்கிட்டே இருக்கும், மேல ஏறாது. வலது பக்கம் போறது ரோட்டுல போறது இல்ல, நேரத்துல போறது. கட்டத்தாள்ல ரோடு இருக்கிறது ஒரே ஒரு இடத்துலதான், அந்த செங்குத்து அச்சுல. தக்கலை அடியில, அதுக்கு மேல புலியூர்க்குறிச்சி, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம், உச்சியில வடசேரி. ரோட்டைத் தூக்கி சுவத்துல சாய்ச்சு நிறுத்தின மாதிரி. இதை அவ அச்சு ஓரமா எண்ணுக்குப் பக்கத்துல ஊர் பேரா எழுதின பொறவுதான் 'தொலைவு'ங்கிற வார்த்தைக்கே அவளுக்கு உயிர் வந்துச்சு.

பொறவு வேகம் தன்னால வந்துச்சு. எந்த இடத்துல கோடு ரொம்ப நட்டமா நிமிந்து இருக்குன்னு கேட்டேன், 18ல இருந்து 22ன்னு காட்டினா. நாலு நிமிஷத்துல 3 கிலோமீட்டர், அப்போ மணிக்கு 45. அதை விநாடிக்கு மீட்டர்ல மாத்தச் சொன்னேன், 12.5. (மணிக்கு 36 கிலோமீட்டர்னா விநாடிக்கு 10 மீட்டர், இதை ஒண்ணை மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் வாய்க்கணக்குதான், 5ல பெருக்கு 18ல வகுன்னு குழம்ப வேண்டாம்.) பார்வதிபுரம் பிளாக்ல எட்டு நிமிஷத்துக்கு அரைக் கிலோமீட்டர், மணிக்கு 4 கூட வரல்ல. "இறங்கி நடந்திருந்தா பஸ்ஸை முந்தியிருக்கலாம் அத்தே"ன்னா. ஆமா மக்களே, தினமும் ஆபீசுக்குப் போறவ கிட்ட கேளு.

மொத்தமா பாத்தா 42 நிமிஷத்துல 15 கிலோமீட்டர், சராசரி மணிக்கு 21 சொச்சம். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் ஸ்கேல் வச்சு ஒரே கோடா இழுத்தா அதோட சாய்வுதான் அது. நெஜமான கோடு இந்த நேர்கோட்டுக்கு மேலயும் கீழயுமா வளைஞ்சு நெளிஞ்சு போகுது. வழி முழுக்க அந்த 21லயே எங்க பஸ்ஸு நிதானமா ஓடல்ல, சில நேரம் பறந்துச்சு, சில நேரம் நின்னுது.

இன்னொண்ணு அவளே கண்டுபிடிச்சா. புஸ்தகத்துல உள்ள கிராஃப் எல்லாம் முனை முனையா உடைஞ்சிருக்கு, ஏறுது, டக்குன்னு மட்டம், டக்குன்னு ஏத்தம். "பஸ் அப்படி டக்குன்னு நின்னா நாம எல்லாரும் கண்டக்டர் மேல போய் விழுந்திருப்போம்லா?"ன்னு கேட்டா. சரியான கேள்வி. நெஜத்துல பிரேக் போடும்போது கோடு பைய படுக்கும், கிளம்பும்போது பைய நிமிரும், முனையே இருக்காது, வளைவுதான். நாங்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்க எடுத்ததால எங்க கோட்டுலயும் முனை இருந்துச்சு, விநாடிக்கு விநாடி எடுத்திருந்தா மழுங்கியிருக்கும். முடுக்கம்னு, அதாவது வேகம் மாறுற விதம், அடுத்த பாடத்துல வருமே, அது இந்த வளைவுக்குள்ளதான் இருக்குன்னு சொன்னேன், "அதை அடுத்த பாடத்துல பாப்போம்"னு நோட்டை மூடிட்டா.

இனி அந்தக் கீழ இறங்குற கோடு. என் ஒம்பதாங் கிளாஸ் கேள்வியில உள்ளது. இதுல எனக்கு இன்னைக்கும் ஒரு கோவம் இருக்கு. எங்க அண்ணன் ஆட்டோ ஓட்டுதான். ஆட்டோ மீட்டருக்கு அடியில மொத்தம் எத்தன கிலோமீட்டர் ஓடிச்சுன்னு காட்டுற எண் ஒண்ணு இருக்கும்லா, அது குறையவே குறையாது. அண்ணன் அழகியமண்டபம் போயிட்டு திரும்பி வீட்டுக்கு வந்தாலும் அது 5ல இருந்து 0க்கு வராது, 10க்குப் போகும். அப்போ 'தொலைவு'ன்னு சொன்னா, கடந்த தூரம்னு அர்த்தம் வச்சா, அந்தக் கோடு ஒருநாளும் கீழ இறங்கக் கூடாது. ஏறலாம், மட்டமா கிடக்கலாம், இறங்க வழியே இல்ல. ஆனா மயினி போன் பண்ணி "வீட்டுல இருந்து எவ்வளவு தூரத்துல நிக்கிய?"ன்னு கேட்டா அண்ணன் சொல்லுற எண் இருக்கே, அது போகும்போது கூடும், திரும்பும்போது குறையும், வாசல்ல வந்து நின்னா பூஜ்ஜியம். ரெண்டும் ஒரே சவாரி, ரெண்டு கிராஃப்.

எனக்கு வந்த கேள்வித்தாள்ல வெறும் 'தொலைவு'ன்னு போட்டுட்டு கோட்டை இறக்கியும் வச்சிருந்தாங்க. அது 'வீட்டிலிருந்து உள்ள தொலைவு'ன்னு எழுதியிருக்கணும். ரெண்டு வார்த்தை. தொலைவும் இடப்பெயர்ச்சியும் (கிளம்பின இடத்துல இருந்து நேரா எவ்வளவு தள்ளி இருக்கோம்ங்கிறது) வேறன்னு அதே பாடத்துல முதல் பக்கத்துல சொல்லிக் கொடுத்துட்டு, கேள்வியில ரெண்டையும் குழப்பி வச்சா பிள்ளை மலை ஏறாம எங்க போகும்? நான் எழுதினது தப்புதான், இல்லன்னு சொல்லல்ல. ஆனா முட்டை போட்டவங்களும் கொஞ்சம் வெக்கப்பட்டிருக்கலாம்.

அண்ணன் மகளுக்கு இதை விளக்க ஒரே ஆட்டோ சவாரியை ரெண்டு விதமா வரையச் சொன்னேன், மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ரெண்டுக்கும் நேரம் ஒரே அளவுல. போற வரைக்கும் ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுபோல. திரும்பின நிமிஷத்துல ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ வருது. அவ அப்பா சாப்பிட்டுக்கிட்டே எட்டிப் பாத்து, "இதுல டீ குடிச்ச நேரம் எங்க?"ன்னு கேட்டான். மட்டக் கோட்டைக் காட்டினா. "அவ்வளவு நேரமா குடிச்சேன்?"ன்னான். மயினி ஒரு பார்வை பாத்தாவ. கிராஃப் வீட்டுக்குள்ள வந்தா இப்படி சில ஆபத்தும் உண்டு.

நேர் செங்குத்தா ஒரு கோடு வரைஞ்சா என்ன அர்த்தம்னு கேட்டேன் ஒருநாள். கொஞ்சம் யோசிச்சா. நேரம் நகரல்ல, ஆனா ஆளு தக்கலையிலயும் இருக்கான் வில்லுக்குறியிலயும் இருக்கான் வடசேரியிலயும் இருக்கான். "அப்போ அது கள்ளியங்காட்டு நீலி" அப்படின்னா. எங்க அம்மா சொன்ன பேய்க்கதை வேலை செய்யுது. நீலிக்கு மட்டுந்தான் செங்குத்துக் கோடு, மத்த எல்லாருக்கும் கொஞ்சமாவது சரிஞ்சுதான் இருக்கணும்னு நோட்டுல ஒரு விதியா எழுதி வச்சிருக்கா, அதை ஸ்கூல்ல காட்டிடாதன்னு சொல்லியிருக்கேன்.

இந்தச் சமயத்துலதான் நான் ராத்திரி உக்காந்து கொஞ்சம் தேடிப் படிச்சேன், இந்தக் குழப்பம் நமக்கு மட்டுந்தானான்னு. இல்லவே இல்ல. 1987ல அமெரிக்காவுல வாஷிங்டன் யூனிவர்சிட்டியில லிலியன் மெக்டெர்மாட்டும் கூட ரெண்டு பேரும் சேர்ந்து இதையே ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க, அதுவும் காலேஜ் படிக்கிற பிள்ளைங்களை வச்சு. கோட்டோட உயரத்தையும் சாய்வையும் குழப்பிக்கிடுதாங்க, ரெண்டு கோடு வெட்டிக்கிற இடத்துல ரெண்டு பேருக்கும் ஒரே வேகம்னு சொல்லுதாங்க. 1994ல ராபர்ட் பெய்க்னர்னு ஒருத்தர் இதைச் சோதிக்கிறதுக்குன்னே ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணி வெளியிட்டாரு. கிராஃபைப் படமா பாக்கிறது அவர் சொல்லுற தப்புல ஒண்ணு. மருந்துவாழ் மலை அமெரிக்காவுலயும் இருக்குன்னு தெரிஞ்சதும் எனக்கு எவ்வளவு நிம்மதின்னு சொல்ல முடியாது.

அந்த வெட்டிக்கிற இடம் பத்தி ஒரு வார்த்தை. எங்க தெருவுல ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆன மாமா ஒருத்தர் இருக்காரு, இவ கிராஃப் நோட்டோட திரியிறதைப் பாத்துட்டு கூப்பிட்டு உக்கார வச்சாரு. கண்ட்ரோல் ஆபீஸ்ல ரயிலை ஓட்டுறதே இந்த கிராஃபை வச்சுதான்னாரு. பெரிய சார்ட், ஒரு பக்கம் மணி, ஒரு பக்கம் ஸ்டேஷன் வரிசை, பாறசாலை, குழித்துறை, இரணியல், நாகர்கோவில்னு. ஒவ்வொரு ரயிலும் ஒரு கோடு. திருவனந்தபுரத்துல இருந்து வாறது ஒரு பக்கம் சரியும், இங்க இருந்து போறது எதிர்ப்பக்கம் சரியும். முன்ன கையால வரைஞ்சாங்க, இப்போ கம்ப்யூட்டர் வரையுது. பாரிஸ்ல இருந்து லியோன் வரைக்கும் ஓடுற ரயிலை எல்லாம் இப்படிக் கோடா போட்ட ஒரு படத்தை எத்தியேன் மாரேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1878லயே தன் புஸ்தகத்துல அச்சடிச்சிருக்காருன்னு நான் படிச்சதைச் சொன்னேன், மாமா அதைப் பெருசா கண்டுக்கல்ல.

அவர் கேட்டது வேற. "ரெண்டு கோடு வெட்டுது. அப்படின்னா என்ன பிள்ளே?" இவ, "ரெண்டுக்கும் ஒரே ஸ்பீடு"ன்னா. அமெரிக்கப் பிள்ளைங்க மாதிரியே. மாமா தலையில அடிச்சுக்கிட்டு, "ஒரே நேரத்துல ஒரே இடத்துல ரெண்டு வண்டியும் இருக்குன்னு அர்த்தம். 1979ல திருவனந்தபுரம் லைன் திறந்தப்ப ஒத்தத் தடம். ஒத்தத் தடத்துல ரெண்டு கோடு ஸ்டேஷன்ல வெட்டுனா அது கிராசிங். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வெட்டுனா?"ன்னு நிறுத்தினாரு. இவ வாயைப் பொத்திக்கிட்டா.

இரணியல்ல கிராசிங்குன்னு அரை மணி நேரம் நிறுத்திப் போட்டு நாம திட்டிட்டுக் கிடப்போம்லா, சார்ட்ல அது ஒரு மட்டக் கோடு, அதோட வலது முனையில எதிர் வண்டியோட கோடு வந்து கடந்து போகும். இனி திட்டும்போது கொஞ்சம் மரியாதையா திட்டணும்.

அதுக்கப்புறம் இவளுக்கு எதைப் பாத்தாலும் கோடு. எங்க அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவங்க, இப்போ முட்டுவலியில வீட்டுல இருக்காங்க. பாட்டாகிட்ட போய், மரத்தை வெட்டின உடனே சிரட்டையில பால் எப்படி விழும்னு கேட்டிருக்கா. விடியக்கால வெட்டினா மொதல்ல சொட்டு மேல சொட்டா வேகமா விழும், நேரம் போகப் போக குறையும், வெயில் ஏறும்போது நின்னுடும், பொறவு எடுத்து வாளியில ஊத்துவோம்னாங்க. இவ அதை வரைஞ்சா, அச்சுல தொலைவுக்குப் பதிலா பால். தொடக்கத்துல நட்டமா ஏறி, பைய பைய சாய்ஞ்சு, மட்டமாகி, அங்க இருந்து சடக்குன்னு நேர் கீழ. அந்த விழுற கோட்டுக்குப் பக்கத்துல 'வாளி'. நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல்ல. அப்பா கண்ணாடியைப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. "மழை பெஞ்ச அன்னைக்கு இப்படி வராது, அன்னைக்கு வெட்டே கிடையாது"ன்னாங்க. இவ அதுக்கும் ஒரு கோடு போட்டுக் கொடுத்தா, பூஜ்ஜியத்துல, ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் மட்டமா.

போன வாரம் அடுத்த டெஸ்ட் வந்துச்சு. இந்தத் தடவை பேப்பரை மறைக்கல்ல, வாசல்லயே வச்சு நீட்டினா. கோடு ஏறுது, மட்டம், மறுபடி ஏறுது, முன்னைவிட நட்டமா. பதில்: 'அவர் முதல் 10 நிமிடம் சீரான வேகத்தில் சென்றார். அடுத்த 5 நிமிடம் ஒரே இடத்தில் நின்றார். பிறகு முன்பைவிட வேகமாகச் சென்றார்.' பக்கத்துல மூணு வேகமும் கணக்குப் போட்டு வச்சிருக்கா. நாலுக்கு மூணு. ஒரு மார்க் ஏன் போச்சுன்னு பாத்தா, கடைசி விடையில வெறும் 1.2ன்னு எழுதிட்டு அலகு எழுதல்ல.

"கிலோமீட்டரா மீட்டரான்னு அதுலயே இருக்குல்லா அத்தே, அவருக்குத் தெரியாதா?"ன்னு ராத்திரி முழுக்க சண்டை.